வெல்லம் நெஞ்சைக் காப்பாற்றாது

பாப்பா,

நான்கு நாட்களாக நீ போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம். போனில் பேசினால் முதல் வாக்கியத்தில் உனக்குக் கோபம் வரும், மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு வரும், சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நாளை உன் அம்மா பேரிகையில் உன் இடத்துக்கு வரும்போது இதைக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் எதிரிலேயே படித்துவிடு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு டாக்டரிடம் காட்டும்வரை அந்த ஸ்ப்ரே கன்னைக் கையில் தொடாதே. ஒரு கோட்டு பெயிண்ட்கூட அடிக்காதே. உன் ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். இது உன் படத்தின் மீது சொல்லும் குறை இல்லை. இதை நீ நம்பமாட்டாய், ஏனென்றால் குறை சொல்வதற்குத்தான் எனக்குப் பல வருஷம் சம்பளம் கொடுத்தார்கள், அந்த வேலையை நான் வீட்டுக்கும் எடுத்து வந்தேன். வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாததற்கு மணி அடித்தவன், வீடு பற்றி எரியும்போது அடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் நிலைமை இப்போது அதுதான்.

போன வாரம் உன் அம்மா உன்னோடு இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். பையை இறக்கி வைக்கும்போதே ஆரம்பித்தாள். "புள்ளைக்கு இருமல் வுடவே மாட்டேங்குதுங்க. ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருந்தா, ரெண்டு பேரும் சந்தைக்கெல்லாம் போயி வந்தம். திங்கக்கெழம காலையில அந்த மிசின எடுத்தா பாரு, மத்தியானத்துக்குள்ள மூச்சு வுட முடியல, செவுத்தப் புடிச்சிகினு நிக்கறா." லீவு நாளில் நன்றாக இருந்து, வேலை நாளில் வருகிற இருமல் சளி இருமல் இல்லை, பாப்பா. அந்த இருமலை நான் எங்கள் பெயிண்ட் ஷாப்பில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சு உனக்கு எப்படி ஞாபகமிருக்கிறதோ, எனக்கு ஒவ்வொரு சொல்லும் அப்படியே இருக்கிறது.

"மாஸ்க் போடறியா?" என்று கேட்டேன்.

"துணி கட்டிக்கிறம்பா."

"துணியா? ஹார்டனர் மருந்து கலந்த பெயிண்டுக்கு வெறும் துணியா?"

"அதான் வெல்லம் சாப்புடறனே. நீ சொல்லிக் குடுத்ததுதானப்பா. எப்பவும் ஒரு டப்பா பக்கத்துலயே வெச்சிருக்கன்."

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பயம் வந்தால் எனக்கு அதட்டல்தான் வரும். "அந்தக் கடைய மூடிட்டு ஒழுங்கா வூட்டுக்கு வா," என்று கத்திவிட்டேன். நீ, "தெரியும்பா. சுத்தி வளைச்சி நீ இங்கதான் வருவன்னு தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டாய். வைத்தது சரிதான். ஆனால் நான் சொல்லாமல் விட்டதை இப்போது கேள்.

எங்கள் கம்பெனியில் காலை பத்து மணி டீயோடு பெயிண்ட் ஷாப் ஆட்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். அசெம்பிளியில் பைக் பூட்டுபவர்களுக்குக் கிடையாது. அவர்கள் கேலி செய்வார்கள், "இன்னாப்பா, மாப்பிள்ளைங்களுக்கு சீர் வந்திருச்சா?" என்று. என் பக்கத்து பூத்தில் ஸ்ப்ரே அடித்த மஞ்சு அத்திப்பள்ளிக்காரன், கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவான், வெல்லம் அவன் வாயில் பெல்ல, கூட வேலை செய்பவன் குரு. "தின்னு குரு, தின்னு. கம்பெனி நமக்குக் குடுக்கற ஒரே ஸ்வீட்டு இந்த பெல்லதான்," என்பான். தொண்டையில் இறங்கும் பெயிண்ட்டை வெல்லம் பிடித்து வயிற்றுக்குத் தள்ளிவிடும் என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்களோ. நான் ஒரு கட்டியைக்கூடத் தின்றதில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து உனக்குக் கொண்டு வருவேன். ஒருநாள் நீ, அப்போது இரண்டாவது படிக்கிறாய், "உனுக்கு வேணாமாப்பா?" என்று கேட்டாய். நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன், அது நெஞ்சுக்குள் போகும் பெயிண்ட்டையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டது, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். குழந்தை பயப்படக் கூடாது என்று சொன்ன பொய் அது. நீ அதை முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, பேரிகையில் தனியாக நின்று பெயிண்ட் அடிக்கும்போது வாயில் போட்டுக்கொள்கிறாய்.

வெல்லம் எதையும் பிடிக்காது, பாப்பா. சோறு இறங்கும் குழாய் வேறு, மூச்சு இறங்கும் குழாய் வேறு. எட்டாவது படித்தவன் இதைத் தெரிந்துகொள்ள அறுபது வயதை நெருங்க வேண்டியிருந்தது. நானாகவே படித்தவன் என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறேன். பெயிண்ட் டின்னை வைத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றவன். கலவை விகிதம், காயும் நேரம், அடுப்புச் சூடு எல்லாம் டிப்ளமா படித்துவிட்டு வந்த பையன்கள் என்னிடம்தான் கேட்பார்கள். ஆனால் நான் படித்ததெல்லாம் டின்னின் முன்பக்கம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது, வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் இதை அடிக்கக் கூடாது என்று. அதை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. வீட்டு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த டின்னைத் தூக்கிப் போடும்போது.

பெயிண்ட்டில் மேற்பரப்பைத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்கு எத்தனையோ பெட்ரோல் டேங்குகள் டியூப்லைட்டுக்குக் கீழே என் முன்னால் வரும். எங்கே வழிந்திருக்கிறது, எங்கே ஒரு தூசு உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். உன்னையும் அப்படித்தான் பார்த்தேன். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் புடவைக்கடை விளம்பரத்துக்கு உன்னைக் கேட்டபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் எதிர்த்தார்கள். குருபரப்பள்ளியிலிருந்து உன் பெரியப்பா வந்து வாசலில் நின்றே கத்தினார். "பொண்ண பேனருல தொங்கவுடப் போறியாடா?" என்றார். நான் ஒருவன்தான் விடாப்பிடியாக நின்று அனுப்பினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பத்து வருஷம், பெங்களூருக்கு நீ கிளம்பும் ஒவ்வொரு காலையும் சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே உன்னை நிற்க வைத்துப் பார்த்தேன். தாடையில் ஒரு பரு. கண்ணுக்குக் கீழே கருப்பு. முழங்கையில் நீ சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. ஸ்டிக்கர்தான் ஒட்டவில்லை. இனிப்பு தின்றால் முகத்தில் தெரியும் என்று வெல்லத்தையும் நிறுத்தினேன். அதற்கு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஹைவேயில் உன் கல்யாணப்பட்டுப் படம் பெரிதாக நின்ற அந்த எட்டு மாதமும் கம்பெனி பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் சீட்டுக்கு நான் சண்டை போட்டேன். அதை நீ அறியமாட்டாய். மஞ்சு பஸ்ஸையே எழுப்புவான், "எல்லாரும் எந்திரிங்கப்பா, நம்ம குரு பொண்ணு வருது!" என்று. அப்படிப்பட்ட நேரத்தில், இன்னும் ஐந்தாறு வருஷம் நன்றாக ஓடியிருக்கக் கூடிய வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாய். கையில் பிஸ்கட் அளவுக்கு ஒரு பெயிண்ட் பொருக்கு. படம் பிடிக்கும் ஸ்டுடியோவில் பின்சுவருக்கு ஒவ்வொரு நாளும் புது நிறம் அடிப்பார்கள், மூலையில் அது உரிந்து விழுந்தது என்று சொன்னாய். திருப்பிக் காட்டினாய். நாற்பது ஐம்பது நிறம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. "இத்தன நாளு எல்லாரும் மேல இருக்கற கோட்டதாம்பா பாத்தாங்க. எனுக்கு அடியில இருக்கறதப் பாக்கணும்," என்றாய். எனக்குப் புரியவில்லை. புரியாததால், "பைத்தியமா உனுக்கு?" என்றேன். நீ அந்த வேலையை விட்டது அவசரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

இருந்தாலும் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் நீ பலகையில் கோட்டு மேல் கோட்டாக அடித்து, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, அடியிலுள்ள நிறத்தை வெளியே கொண்டுவரப் பார்த்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிரஷ் தடம் விழுகிறது, ஸ்ப்ரே கன்னால் அடி என்றேன். சாதாரண பெயிண்ட் தேய்த்தால் கிழியும், ஹார்டனர் கலந்து அடி, கல்லு மாதிரி நிற்கும் என்றேன். இரண்டையும் சொன்னவன் நான்தான். மூன்றாவதாக, தூசு வரும் பக்கமெல்லாம் அடை, தூசுதான் பெயிண்டுக்கு எமன் என்றேன். அங்கே திறந்த வெளி, புகை காற்றோடு போனது. தூசு மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கம்பெனியில் புகையை இழுக்கச் சுவர் அளவுக்கு ஃபேன் ஓடும், தண்ணீர்த் திரை விழும். அதைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டேங்கைப் பார்க்கிறவனுக்கு டேங்க்தான் தெரியும், அடிக்கிறவன் தெரியமாட்டான். இப்போது நீ இருப்பது பட்டுப்புழு வளர்த்த பழைய மனை. ஈ நுழையாமல் இருக்க ஏற்கெனவே ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தது. அதற்கு மேல் நீ பிளாஸ்டிக் ஷீட் வைத்து டேப் ஒட்டியிருக்கிறாயாம். உன் அம்மா பெருமையாகச் சொன்னாள், "ஒரு பொட்டுத் தூசு உள்ள வராதுங்க, நீங்க சொன்ன மாதிரியே பண்ணிருக்கா." நீ என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கேட்கக் கூடாத ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாய்.

இனி எழுதுவது உன் அம்மாவுக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் உன் முதல் கண்காட்சிக்கு வந்தேன். படங்கள் இரண்டாவது மாடியில். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. நான் கீழே வாட்ச்மேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ மூன்று முறை இறங்கி வந்து கூப்பிட்டாய். மூன்றாவது முறை உன் கண் கலங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போப்பா. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு," என்றாய். "எனுக்கு முட்டி வலி, நீங்க பாருங்க," என்றேன். முட்டியில் ஒன்றுமில்லை என்று உனக்குத் தெரியும், காலையில்தான் பஸ் ஸ்டாண்டில் விறுவிறுவென்று நடந்தேன். சமதரையில் நடந்தேன். அவமானப்படுத்தத்தான் ஏறவில்லை என்று முடிவு செய்தாய். அன்றிலிருந்து என்னிடம் படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டாய். அடுத்த மாதமே பேரிகைக்குப் போய்விட்டாய்.

ஏற முடியவில்லை, பாப்பா. பதினான்கு படிக்கு மேல் என்னால் ஏற முடியாது. நெஞ்சு டாக்டர் அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார், இருக்க வேண்டிய மூச்சில் பாதிதான் இருக்கிறது, போன பாதி திரும்பாது என்று. உன்னிடம் சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்பாய். இரக்கத்தைத் தாங்குவதைவிட உன் கோபத்தைத் தாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. என் வீம்புக்காக மூன்று வருஷம் உன்னை அப்படி நினைக்க விட்டேன்.

இதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வண்டி வரும். ஒரு குழாயை வாயில் வைத்து முழுமூச்சாக ஊத வேண்டும். ஊத முடியாதவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றுவார்கள், அங்கே மாற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் அதிக நாள் நிலைப்பதில்லை. நீ ஒன்பதாவது படித்த வருஷம், வரிசையில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஊதினால் மாட்டிக்கொள்வேன் என்று. மஞ்சு கபடி ஆடுகிறவன், நல்ல நெஞ்சு. "உன் கார்டு குடு குரு. தொப்பி போட்டா யாரு மூஞ்சப் பாக்கறான்?" என்றான். என் பெயரில் அவன் ஊதினான். டாக்டர் தட்டிக்கொடுத்து, "பிரமாதம்," என்றாராம். அவன் மேல் தப்பில்லை, நண்பனுக்கு உதவினான். அந்தப் பிரமாதத்தை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருஷம் ஸ்ப்ரே அடித்தேன். போன பாதியில் பெரும்பங்கு அந்த மூன்று வருஷத்தில்தான் போயிருக்கும். பிறகு பூத்துக்குள் நிற்கவே முடியாமல், கை நடுங்குகிறது என்று சொல்லி, இன்ஸ்பெக்ஷன் கேட்டு வாங்கினேன். வீட்டில் பிரமோஷன் என்று சொன்னேன். நீ தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தாய்.

இதையெல்லாம் எழுதுவதற்கு நான்கு நாள் ஆனது. முதல் மூன்று நாள் எழுதியதில் நான் வீரனாக இருந்தேன், கிழித்துப் போட்டேன். இதன் நகல் ஒன்றை, பெயர்கள் இல்லாமல், எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் மாதத் தாளுக்குக் கொடுக்கப் போகிறேன். இந்த ஓசூரில் இன்னும் எத்தனை வீட்டில் இதே வெல்லக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பெயிண்ட் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களோ தெரியாது. சங்கத்துக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

படம் போடுவதை நிறுத்து என்று இந்தக் கடிதத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறேனா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. தண்ணீரில் கரையும் பெயிண்ட் இருக்கிறது, பிரஷ் இருக்கிறது. ஹார்டனர்தான் வேண்டும் என்றால், காற்றுக் குழாய் வைத்த முகமூடியும் புகை இழுக்கும் ஃபேனும் வேண்டும், அதுவும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. சில நெஞ்சுகள் ஒருமுறை அந்தப் புகைக்குக் கோபித்துக்கொண்டால், பிறகு ஒரு மூடி அளவு திறந்தாலும் தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். உன் நெஞ்சு எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னை உட்கார விடவில்லை. உன் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உன்னை இழுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். நேரில் பார்க்காத பொருளுக்கு ஓ.கே. போட்டு எனக்குப் பழக்கமில்லை. உன் அம்மாவின் போனில் ஒன்றே ஒன்று பார்த்தேன், சாம்பல் நிறப் பலகை. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் சிவப்பு வெளியே வந்திருக்கிறது. அந்தச் சிவப்பு பத்துப் பன்னிரண்டு கோட்டுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் பலகையே தெரிந்திருக்கும். அந்த இடத்தில் கையை எடுக்க உனக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எங்கள் ஷாப்பில் அப்படிக் கை நிறுத்தத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை, என்னையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டாக்டரிடம் உன் பெயரையும் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். அங்கேயும் ஒரு குழாய் கொடுப்பார்கள். உன் மூச்சை நீயே ஊது, என் மூச்சை நானே ஊதுகிறேன். முதல் பஸ்ஸில் வந்து உன் வாசலில் இறங்குவேன். நீ வரமாட்டேன் என்றால் மத்தியானம்வரை நிற்பேன், பிறகு சாயங்காலம்வரை நிற்பேன். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். ஆனால் கதவைத் திறந்து நீ கூப்பிட்டாலும் நான் உள்ளே வரமாட்டேன். அந்தக் காற்றை என் நெஞ்சு தாங்காது. இந்த முறை காரணத்தைச் சொல்லிவிட்டேன், வேறு எதுவும் நினைக்காதே. முகத்தைக் கழுவிக்கொண்டு நீ வெளியே வா.

அப்பா